வானத்தைக் கழித்தால்தான் செம்பனை தெரியும்



2013-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி. காலை ஏழு மணிக்கு ஜொகூர், மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746. 300-ஐத் தாண்டினாலே ஆபத்து என்று சொல்லும் அளவுகோல் அது! மூவார், லெடாங் இரு மாவட்டங்களிலும் அவசரநிலை அறிவித்தார்கள். சுமத்ராவில் எரிந்த நெருப்புக்கு நம் பிள்ளைகள் இருமினார்கள்.

தரையில் நின்றவர்களுக்கே தெருக்கோடி மங்கிப்போன அந்த நாளில், 700 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் துணைக்கோளத்துக்கு என்ன தெரிந்திருக்கும்? வெறும் சாம்பல் போர்வைதான். அப்படிப்பட்ட படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஒதுக்கி வைக்க வேண்டியதுதான்.

ஆனால், புகைமூட்டமே இல்லாத நாளிலும் காற்று இருக்கிறதே! அதில் நீராவி இருக்கிறது, தூசி இருக்கிறது, கடலுப்பு இருக்கிறது. துணைக்கோளம் இவற்றையெல்லாம் ஊடுருவித்தான் ஸ்கூடாயையும் குளுவாங்கையும் பார்க்கிறது. கடல் நீரைப் படமெடுக்கும்போது துணைக்கோளத்துக்குப் போய்ச் சேரும் ஒளியில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு காற்றிலிருந்து சிதறி வந்தது. ஜொகூர் நீரிணையின் மெராம்போங் திட்டில் இருக்கும் கடற்புல்லைத் தேடுகிறவர் மிச்சமுள்ள ஒரு பங்கை வைத்துத்தான் தேட வேண்டும். அந்த ஒன்பது பங்கைக் கழிக்கும் கணக்குக்கு வளிமண்டலத் திருத்தம் என்று பெயர்.

சாதாரணக் கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்களைப் பதிகிறது. ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கருவியோ ஒளியை நூற்றுக்கணக்கான மெல்லிய பட்டைகளாகப் பிரித்துப் பதிகிறது. அமெரிக்காவின் நாசா 2000-ஆம் ஆண்டு நவம்பரில் அனுப்பிய இஓ-1 துணைக்கோளத்தில் ஹைப்பீரியன் என்ற கருவி இருந்தது. அதில் 242 பட்டைகள். 2017-இல் அதன் பணி முடிந்துவிட்டது. ஆனாலும் அது எடுத்த படங்கள் சேமிப்பில் இருக்கின்றன. மாணவர்களுக்கு நல்ல பயிற்சிக் களம் அவை.

இதனால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கானோடெர்மா தெரியும். அடித்தண்டை அழுகச் செய்யும் பூஞ்சை நோய். வெளியே அறிகுறி தெரிகிற நேரத்தில் உள்ளே பெரும்பகுதி அழுகியிருக்கும். குணப்படுத்த வழி இல்லை. கண்ணுக்குத் தெரியாத அலைநீளங்களில் ஓலை காட்டும் மாற்றத்தை முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்று மலேசியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஹைப்பீரியன் படத்தின் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஏறக்குறைய பன்னிரண்டு மரங்கள் அதற்குள் அடங்கிவிடும். தனி மரத்தைச் சுட்டிக்காட்ட அதனால் ஆகாது. அதற்கு விமானத்தில் பொருத்திய கருவி வேண்டும். ஆனால், தோட்டத்தின் எந்தப் பகுதி சோர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும்.

சரி, படத்தை இறக்கியதும் திருத்த மென்பொருளில் போட்டுப் பொத்தானைத் தட்டிவிடலாமா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

முதலில், 242 பட்டைகளும் உயிருள்ளவை அல்ல. அளவீடு செய்யப்பட்டவை 198. இரண்டு உணரிகள் சந்திக்கும் இடத்தில் ஒரே அலைநீளம் இரு முறை வருவதைக் கழித்தால் 196. மீதி எல்லாம் வெறும் பூச்சியம். அரிசியில் கல் பொறுக்குவது போல் அவற்றை எடுத்துவிட வேண்டும். 1400, 1900 நேனோமீட்டர் பக்கத்தில் நீராவி ஒளியை அடியோடு விழுங்கிவிடும், அவையும் போகட்டும். ஆனால் 940, 1135 பக்கத்துப் பட்டைகளும் நீராவியால் பாதிக்கப்பட்டவைதானே என்று அவற்றையும் வீசிவிடாதீர்கள்! காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்று மென்பொருள் கண்டுபிடிப்பதே அவற்றை வைத்துத்தான். இந்த நுணுக்கத்தைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும்.

அடுத்தது, எண்கள். கோப்பில் இருப்பது ஒளியின் நேரடி அளவு அல்ல, பெருக்கி வைத்த முழு எண். முதல் உணரியின் எண்ணை 40-ஆல் வகுக்க வேண்டும். இரண்டாவது உணரியின் எண்ணை 80-ஆல் வகுக்க வேண்டும். ஃப்ளாஷ் என்ற மென்பொருளுக்குக் கொடுப்பதானால் அலகு மாறுவதால் 400, 800. எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுத்தால் என்ன ஆகும்? குற்றலை அகச்சிவப்புப் பகுதி இரு மடங்கு வெளிச்சமாகிவிடும். இலையில் நீர் குறைந்தால்தான் அந்தப் பகுதி வெளிச்சமாகும். ஆக, மழையில் நனைந்து செழித்து நிற்கும் தோட்டம் கணினியில் வறண்டு காய்ந்து தெரியும்! அதை நம்பி ஒருவர் அறிக்கை எழுதினால், இன்னொருவர் அந்த அறிக்கையை நம்பி மரத்தை வெட்டச் சொன்னால்? சிந்தித்துப் பாருங்கள்.

நேரமும் அப்படித்தான். படத்தின் குறிப்பில் இருப்பது கிரீன்விச் நேரம். ஜொகூரில் காலை 10.15 என்றால் அங்கே 2.15. உள்ளூர் நேரத்தையே போட்டுவிட்டால், மாலை ஆறேகால் மணிச் சூரியனைக் கணக்கில் வைத்து மென்பொருள் காலைப் படத்தைத் திருத்தும். அது மறுப்புச் சொல்லாது, ஏதோ ஒரு படத்தைக் கொடுத்துவிடும். அதுதான் பயம்.

பிறகு, படத்தில் நெடுங்கோடுகளாக விழுந்திருக்கும் பழுதான வரிசைகளைப் பக்கத்து வரிசைகளைக் கொண்டு சரிசெய்ய வேண்டும். படத்தின் ஓரத்துக்கும் நடுவுக்கும் அலைநீளம் சற்றே நழுவும் குறையும் உண்டு. 760 நேனோமீட்டரில் ஆக்சிஜன் பதிக்கும் பள்ளம் ஓரத்திலும் நடுவிலும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்த்தால் அது பிடிபடும். இவையெல்லாம் திருத்தத்துக்கு முன்னே. பின்னால் செய்தால் பிழை எல்லாப் பட்டைகளுக்கும் பரவிவிடும்.

கடைசியாக, பார்வைத் தொலைவு. தெளிவான நாளுக்கு 40 கிலோமீட்டர், கடும் மூட்டத்துக்கு 15 அல்லது குறைவு. இதைப் பழக்கத்துக்கு 40 என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகஸ்டு, செப்டம்பர் மாதப் படத்துக்கு அப்படிப் போடலாமா? அன்றைய காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை ஒரு முறை புரட்டிப் பார்த்தால் போதும். சுற்றுச்சூழல் துறை அதைத் தொடர்ந்து பதிவு செய்து வருகிறது. விலையில்லாத விஷயம், பார்க்கத்தான் மனமில்லை!

இந்தியா 2018 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹைசிஸ் அனுப்பியது. 2019-இல் இத்தாலியின் பிரிஸ்மா போனது. 2022 ஏப்ரலில் ஜெர்மனியின் என்மேப் போனது. திருத்தி முடித்த படங்களையே இப்போது தருகிறார்கள். ஆனால், நிலநடுக்கோட்டுக்கு அருகே, மேகமும் நீராவியும் சுமத்ரா புகையும் சேர்ந்து கிடக்கும் ஜொகூர் வானத்துக்கு அந்தத் திருத்தம் எவ்வளவு பொருந்துகிறது என்பதைத் தரையில் அளந்து சொல்ல வேண்டியவர்கள் இங்கே இருப்பவர்கள்தான். ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தொலையுணர்வு படிக்க அங்கே இடமும் இருக்கிறது. நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் விண்ணப்பிக்கிறார்கள்?