வண்டி அவனுது, வேலை நம்முது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். ஹாஸ்டல் குறும்புகளைப் பேச எனக்கும் ஆசைதானுங்க. ஆனால் நம் பேட்ச்சில் பாதிப் பேர் இன்று நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற இடத்தில் இருக்கிறோம். அதனால் எனக்கு நேர்ந்த ஒரு சங்கடத்தைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

சரவணம்பட்டியில் சத்தி ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு சின்னப் பட்டறை. பம்ப்செட்டுக்கு உதிரி பாகம் கடைகிறோம். பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். ஒரு நாள் காஸ்டிங் வந்து சேரவில்லை. லேத்தில் நின்றிருந்த பையனைக் கூப்பிட்டு, "கணபதி வரைக்கும் போயி நாலு காஸ்டிங் எடுத்துட்டு வந்துரு கண்ணு" என்றேன். அவன் தன் சொந்த பைக்கில் போனான். திரும்பும்போது, ரோட்டைக் கடந்த ஒரு அம்மாவின் மேல் மோதிவிட்டான். அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது, இவனுக்குக் கை. இ.எஸ்.ஐ. கட்டியிருந்ததால் இவன் வைத்தியம் நடந்தது. அந்த அம்மாவுக்கு? பைக்கின் இன்சூரன்ஸ் முடிந்து மூன்று மாசம் ஆகியிருந்தது.

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து எனக்கும் நோட்டீஸ் வந்தது. "வண்டி என்னுதில்லீங்க, ஆர்.சி. அவன் பேர்ல இருக்குது" என்றேன் வக்கீலிடம். அவர் நிதானமாகக் கேட்டார்: "ஏனுங்க, காஸ்டிங் யாருது? பெட்ரோலுக்கு யாரு காசு குடுத்தது?"

நானே கையெழுத்துப் போட்ட வவுச்சர் மேஜை டிராயரில் இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்தேன். மறைக்காமல் சொல்கிறேன். கிழித்திருந்தால் அவன் தனியாக மாட்டியிருப்பான். அவனால் கட்ட முடியாது. அந்த அம்மாவுக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது. வவுச்சரைக் கொண்டுபோய் வக்கீலிடம் கொடுத்தேன். லோக் அதாலத்தில் சமரசம் ஆயிற்று. பணத்தில் பெரும்பகுதி நான் கட்டினேன்.

பிறகுதான் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 146ஆவது பிரிவு: மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் பொது ரோட்டில் வண்டி ஓட்டவும் கூடாது, பிறரை ஓட்டச் செய்யவும் கூடாது. "செய்யவும்" என்ற இடத்தில்தானுங்க முதலாளி வருகிறார். நம் வேலையாக ஒருவன் போகும்போது அவன் கவனக்குறைவுக்கு நாமும் பதில் சொல்ல வேண்டும்.

வாடகை வண்டி என்றால் தப்பித்தோமா? ராஜஸ்தான் மாநிலப் போக்குவரத்துக் கழகம் ஒரு தனியார் பஸ்ஸை வாடகைக்கு எடுத்து ஓட்டியது. விபத்து நடந்ததும், டிரைவர் பஸ் சொந்தக்காரருடைய ஆள் என்று வாதாடியது. பஸ் ஓடியது கழகத்தின் கட்டுப்பாட்டில், ஆகவே கழகமும் பொறுப்பு என்று 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜூலையில் இன்னொரு தீர்ப்பு: வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நேரும் விபத்தும், நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு பொருந்தினால், வேலையில் நேர்ந்த விபத்தே.

இப்போது பட்டறையில் மூன்று வழக்கம் வைத்திருக்கிறேன். வெளிவேலைக்குப் போகிறவர்களின் லைசென்ஸ், இன்சூரன்ஸ் முடிகிற தேதிகளை ஒரு நோட்டில் எழுதி, மாசம் பிறந்ததும் புரட்டிப் பார்க்கிறேன். பணம் இல்லை என்று யாராவது பிரீமியம் கட்டாமல் இருந்தால் நான் கட்டிச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்கிறேன். இரண்டாவது, சொந்த வண்டியில் சரக்கு ஏற்ற விடுவதில்லை. தனியார் வண்டிப் பாலிசியில் சாம்பிளும் சொந்த லக்கேஜும் கொண்டுபோகலாம், சரக்கு கூடாது என்றே அச்சடித்திருக்கிறது. காஸ்டிங் இப்போது குட்டியானையில்தான் வருகிறது. மூன்றாவது, வெளியூர்ப் பயணத்துக்கு டி போர்டு கார்தான். வாடகை குறைவு என்று ஓன் போர்டு காரை எடுத்தால், வாடகைக்கு விட்டதே பாலிசி மீறல் ஆகிவிடும்.

நாலாவது ஒன்று உண்டு. அதை நோட்டில் எழுதவில்லை. அன்றைக்கு அவன் வந்துகொண்டிருந்தபோது, "எங்கடா இருக்கே, மெஷின் சும்மா நிக்குது" என்று இரண்டு தடவை போன் பண்ணியது நான்தானுங்க. எந்த வக்கீலும் அதைக் கேட்கவில்லை. இன்று வெளியே போயிருக்கிற ஆளுக்கு நான் போன் பண்ணுவதில்லை. மெஷின் நிற்கட்டும்.

அந்தப் பையன் இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறான். ஊருக்குப் போனதும் உங்கள் ஆட்களின் இன்சூரன்ஸ் தேதியை ஒரு தடவை பாருங்கள்.