தூண்டுகோல்

(தலைப்பு: நம்மை நடக்க வைப்பது உறவின் அக்கறையா? ஊர்பேர் தெரியாதவர் தரும் உற்சாகமா? இரண்டாவது அணியில் பேசியது)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் நடைப்பயிற்சியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும் பெருமக்களே! (சிரிப்பு)

எதிரணித் தம்பி 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கைச் சொல்லி எல்லோரையும் உருக வைத்துவிட்டார். 400 மீட்டர் அரையிறுதி ஓட்டம். பிரிட்டன் வீரர் டெரெக் ரெட்மண்டுக்கு ஓடும்போதே தொடைத்தசை கிழிந்துபோச்சு. அவருடைய அப்பா கூட்டத்திலிருந்து இறங்கி ஓடிவந்து, தோள்கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனார். "பார்த்தீர்களா, அப்பாதானே வந்தார்!" என்றார் தம்பி. ஆமாம் தம்பி, அப்பாதான் வந்தார். நான் மறுக்கலே. ஆனா அந்த அரங்கமே எழுந்து நின்னு கைதட்டுச்சே, அவங்கள்லாம் யாரு? ரெட்மண்டுக்குச் சித்தப்பாவா, பெரியப்பாவா? (கைத்தட்டல்)

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? பழனிக்குப் பாதயாத்திரை போறவங்களுக்கு வழியில நீர்மோர் கொடுத்து, "இன்னும் கொஞ்ச தூரம்தாங்க, போயிடலாம்"னு சொல்லி அனுப்புறாங்களே, அவங்க என்ன உறவு?

வீட்டில் சொல்வதும் அக்கறைதான். ஆனால் அந்த அக்கறையோடு ஒரு கணக்கும் சேர்ந்தே வரும். "நடந்தியாம்மா? எவ்வளவு நேரம் நடந்தே? சர்க்கரை எவ்வளவு?" நடந்தா அது கடமை. நடக்கலேன்னா அது குற்றம். வழியில் போகிறவருக்கு அந்தக் கணக்கே கிடையாது. நாம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அப்படிப்பட்டவர் "சபாஷ்" என்று சொன்னால் மனசு அதை நம்புது.

எனக்கு வயது 63. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து, சில மாதம் கழித்து, சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே கிழக்குக் கடற்கரைப் பூங்கா என்று கடலை ஒட்டி ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பூங்கா. காலையில் கைத்தடியோடு நடப்பேன். எதிரே ஒரு சீனப் பாட்டி தினமும் வருவார். என்னைப் பார்த்ததும் கையை மடக்கி உயர்த்தி, "ஜியா யோ!" என்பார். திட்டுறாங்களோன்னு மகன்கிட்டே கேட்டேன். (சிரிப்பு) "இல்லேம்மா, அதுக்கு 'எண்ணெய் ஊற்று'ன்னு அர்த்தம். உற்சாகப்படுத்த அப்படிச் சொல்வாங்க" என்றான்.

எனக்குச் சிலிர்த்துப்போச்சு. நம்ம தமிழிலும் அதேதானே ஐயா! ஊக்கம் கொடுப்பவரை நாம் என்ன சொல்கிறோம்? தூண்டுகோல். விளக்குத் திரியைத் தூண்டிவிடும் குச்சி. அவங்க எண்ணெய் ஊத்துறாங்க, நாம திரியைத் தூண்டுறோம். விளக்கு ஒண்ணுதான்! (கைத்தட்டல்)

அதே பாதையில் ஒரு பெரியவர். பக்கவாதம் வந்து ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். யாராவது எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் போகிறபோக்கில், பாட்டியிடம் கற்றுக்கொண்டதைச் சொன்னேன், "ஜியா யோ!" பதில் இல்லை. மறுநாளும் சொன்னேன். மூன்றாம் நாள் முகத்தைத் திருப்பவில்லை. அப்புறம் ஒருநாள் எனக்கு மூட்டு வலி. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மெதுவாக வந்து எதிரே நின்றார். வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. சொல் குழறியது. ஆனால் எனக்குப் புரிந்தது. "ஜியா யோ." அன்றைக்குத்தான் அவர் குரலையே முதல்முதலாகக் கேட்டேன். அப்புறம் என்னால உட்கார்ந்திருக்க முடியுமா? எழுந்து நடந்தேன். (கைத்தட்டல்)

இதற்காக ஓர் ஏற்பாடே இருக்கிறது ஐயா. 2004 அக்டோபரில் லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் 'பார்க்ரன்' என்ற பெயரில், சனிக்கிழமை காலைகளில், கட்டணமில்லாமல் 5 கிலோமீட்டர் ஓடுகிறார்கள், நடக்கிறார்கள். நான் சொன்ன அந்தச் சிங்கப்பூர்ப் பூங்காவிலும் உண்டு. வெளியூர்க்காரரும் கலந்துகொள்ளலாம். அதிலே எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? எல்லாருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பார். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் அவருக்கு முன்னால்தான் நாம் முடிப்போம். யாரும் கடைசி கிடையாது!

அதற்காக எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாமா? கூடாது. "இவ்வளவு குண்டா இருக்கியே, நல்லா நட" என்றால் அது உற்சாகம் இல்லை, ஊசி. உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள். முயற்சியைப் பற்றிப் பேசுங்கள். தனியாக ஓடுகிற பெண்ணை நிறுத்திப் பேசாதீர்கள், பின்னாலேயும் போகாதீர்கள். ஒரு சொல், ஒரு புன்னகை, நம் வழியில் நாம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பதில் வரலேன்னா கோபப்படக் கூடாது.

வெளியூர் போனால் நம்மை யாருக்கும் தெரியாது என்று கூசுகிறோம். தெரியாததுதான் ஐயா நம்ம பலம்! தெரிஞ்சவங்க சொன்னா உபசாரம். தெரியாதவங்க சொன்னா உண்மை. ஆகவே, நடக்க வைப்பது ஊர்பேர் தெரியாதவர் தரும் உற்சாகமே என்று தீர்ப்பு வழங்கும்படி நடுவர் ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பு எப்படி இருந்தாலும், நாளைக் காலையில் எதிரே மூச்சுவாங்க நடந்து வருகிற ஒருத்தருக்காவது "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று சொல்லுங்கள் என உங்களையெல்லாம் கேட்டு, விடைபெறுகிறேன். (கைத்தட்டல்)