கொட்டை எழுத்தும் அதன் உள்வெளியும்

ஊர்ப் பெயர்ப் பலகையிலும், பத்திரிகைத் தலைப்பிலும், கடை முகப்பிலும் கண்ணைத் தடுத்து நிறுத்துவது கொட்டை எழுத்து. எழுத்துப் பருத்தால் தெளிவும் மிகும் என்பது பலர் கருத்து. அது பாதி உண்மையே.

யாழ்ப்பாணத்தில் அச்சு வருமுன்னர்ப் பனையோலையே ஏடு. எழுத்தாணி கீறிய கோட்டிற் கரி பூசித் துடைப்பர். இறகுப் பேனாவின் கோடுபோல அது தடித்தும் மெலிந்தும் வராது. எங்கும் ஒரே சீராய் ஓடும். ஓலையில் பெரும்பாலும் புள்ளியும் இடார்.

1834ஆம் ஆண்டில் வந்த எஸ்ட்மன் மைனர் என்னும் அமெரிக்கர் மானிப்பாயில் மிஷன் அச்சகத்தை நடத்தினார். 1841ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் ‘உதயதாரகை’ தோன்றியது. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னையிலிருந்து அச்சு இயந்திரம் தருவித்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். ஓலையெழுத்து ஈய எழுத்தாயிற்று. புள்ளியும் தவறாது இடம்பெற்றது.

மேனாட்டிலோ, 1927இல் ஜெர்மானியரான பவுல் ரென்னர் ‘ஃபியூச்சுரா’ என்னும் எழுத்தை வெளியிட்டார். முனைகளிலுள்ள சிறு குறுக்குக்கோடுகளை நீக்கி, வட்டம், முக்கோணம், நேர்கோடு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு அமைத்த எழுத்து அது. அதன் தடித்த வகை விளம்பரங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது. 1969இல் சந்திரனில் வைக்கப்பட்ட தகட்டின் வாசகமும் ஃபியூச்சுரா எழுத்திலேயே அமைந்தது.

ஒரே சீரான கோடு தமிழெழுத்துக்குப் புதிதன்று; ஓலை அதனை முன்னரே பழக்கியிருந்தது. ட, ப போன்ற எழுத்துகள் தடிப்பை எளிதில் தாங்கும். ண, ஞ போன்றவற்றின் நிலை வேறு. கோடு பருக்கப் பருக்கச் சுழிகளின் உள்வெளி அடைபடும். மூன்று சுழி இரண்டாய்த் தோன்றினால் ‘மணம்’ ‘மனம்’ ஆகிவிடும். புள்ளி எழுத்தோடு ஒட்டி மறைந்தால் ‘கல்’ ‘கல’ ஆகும். பொருளே மாறிவிடுகிறது.

ஆதலின் கொட்டை எழுத்தை அமைப்போர் சுழிகளை அகட்டுவர். கோடுகள் கூடுமிடத்தைச் சற்று மெலிவிப்பர். புள்ளிக்குத் தனியிடம் ஒதுக்குவர். அதனைப் பயன்படுத்துவோரும் தலைப்பு, அறிவித்தல், வழிகாட்டி என்னும் சில சொற்களோடு நிறுத்துதல் நலம். பக்கம் முழுதும் பருத்த எழுத்தாயின் கண் சோரும். எதனையும் எடுத்துக்காட்ட இயலாது.

இதனைச் சோதிக்க ‘வண்ணார்பண்ணை’ என்னும் ஊர்ப்பெயரே போதும். அதில் ணகரம் நான்கு முறை வருகிறது, புள்ளிகள் மூன்று. அப்பெயரைப் பலகையில் எழுதிச் சாலையின் எதிர்ப்புறம் நின்று பார்த்தல் வேண்டும். சுழியும் புள்ளியும் ஒரு முதியவரின் கண்ணுக்குப் பிரிந்து தெரியுமாயின், அவ்வெழுத்து நல்லெழுத்தே.