கடல் தாண்டிய எடிட்டரும் கடைக்காரரும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிராங்கூன் சாலையில் ஒரு சேலைக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர், அவருடைய மனைவி, இரண்டு விற்பனையாளர்கள். முன்பெல்லாம் விளம்பரம் என்றால் பத்திரிகையில் கால் பக்கம், வானொலியில் சில விநாடிகள், அவ்வளவுதான். இப்போது வாடிக்கையாளர் கைத்தொலைபேசியில் சேலையைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கே வருகிறார். அதனால் வாரத்துக்கு மூன்று, நான்கு வீடியோ வேண்டியிருக்கிறது. இதுவரை அக்காள் மகன் செய்து கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் தேசிய சேவைக்குப் போய்விட்டான். உள்ளூரில் முழுநேர ஆள் வைக்கலாம் என்றால் சம்பளம், மத்திய சேமநிதிச் சந்தா என்று கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. வெளிநாட்டில் இருந்தபடியே வேலை செய்து அனுப்பும் எடிட்டர் ஒருவரைப் பிடித்துவிடுங்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் யோசனை சொல்கிறார்.

பிடிக்கலாமா? தாராளமாகப் பிடிக்கலாம். ஆனால் கிடைக்கப்போவது என்ன என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். குறைந்த விலையில் பத்து மணி நேர உழைப்பு கிடைக்கிறது என்று கடைக்காரர் நினைக்கிறார். உண்மையில், எந்தக் காட்சி முதலில் வரவேண்டும், எங்கே வெட்டவேண்டும், முந்தானையைக் காட்டுவதா கரையைக் காட்டுவதா என்று அவருடைய இடத்தில் இருந்து முடிவெடுக்கும் ஒருவரை அவர் அமர்த்துகிறார். அந்த ஒருவர் கடையைப் பார்த்ததே இல்லை. அக்காள் மகனுக்குச் சொல்லாமலே தெரிந்ததெல்லாம் இவருக்குச் சொன்னால்தான் தெரியும். “நன்றாகச் செய்து அனுப்புங்கள்” என்று ஒரு வரி எழுதிவிட்டு, வந்ததைப் பார்த்துத் தலையில் கை வைப்பவர்கள் அதிகம். ஏழு முறை திருத்தம் கேட்ட பிறகு மிச்சம் என்ன இருக்கிறது? எடிட்டருக்கும் அலுத்துப்போகிறது.

எந்த ஊர் ஆள் என்பதையும் சற்று யோசிக்க வேண்டும். மணிலாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம். ஒரு நிமிடம்கூட வித்தியாசமில்லை. சென்னை இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே இரவு ஒன்பது மணிக்குக் கடை மூடும்போது அங்கே மாலை ஆறரைதான். அது ஒரு வசதி. ஆனால் நேரத்தைவிட மொழி முக்கியம். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. “துவைத்தால் சாயம் போகாது” என்று உரிமையாளர் சொல்வதை, தமிழ் தெரியாத ஒருவர் ஒரு நொடி முன்னதாக வெட்டிவிட்டால் என்ன ஆகும்? சாயம் போகிறதா, போகாதா என்ற சந்தேகத்தோடு வீடியோ முடியும்! பேச்சே இல்லாமல் சேலையும் இசையும் மட்டும் போதும் என்றால் மணிலாக்காரர் போதும். பேச்சு இருந்தால் தமிழ் தெரிந்தவர்தான் சரி. இல்லையேல் ஒவ்வொரு வாக்கியமும் எந்த நொடியில் முடிகிறது என்று குறித்துக் கொடுக்க வேண்டும்.

எழுத்திலும் இதே தொல்லை. சில எடிட்டிங் மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். தமிழ் படிக்கத் தெரியாதவர் கண்ணில் அது படவே படாது. வாடிக்கையாளர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

ஆளைத் தேர்ந்தெடுக்க அவர் அனுப்பும் பளபளப்பான மாதிரி வீடியோக்களை மட்டும் நம்புவதற்கில்லை. அதில் எவ்வளவு அவருடைய வேலை என்று யாருக்குத் தெரியும்? கடையில் எடுத்த அரைமணி நேரப் படப்பதிவை இரண்டு பேருக்குக் கொடுத்து, ஆளுக்கொரு வீடியோ செய்யச் சொல்லிப் பார்ப்பது மேல். இருவருக்கும் அதற்குக் காசு கொடுத்துவிட வேண்டும். பத்துப் பேரிடம் இலவச மாதிரி வாங்கி, அதையே நைசாகப் பயன்படுத்திக்கொள்ளும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அது சிக்கனம் இல்லை, பிறர் உழைப்பைத் திருடுவது.

படத்தை அனுப்புவது இன்னொரு தலைவலி. விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவான 4கே படம், ஒரு மணி நேரத்துக்கு 45 கிகாபைட் வரும். கடையின் இணைய இணைப்பு விநாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் மேலே அனுப்பினால், அந்த ஒரு மணி நேரப் படம் போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆகும். எதிர்முனையில் உள்ளவர் அதை இறக்கிக்கொள்ளவும் வேண்டும். விவரம் தெரிந்த எடிட்டர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அளவு சுருக்கிய பிரதியை மட்டும் வாங்கி அதில் வெட்டி ஒட்டுவார்கள். கடைசியில் அந்த வேலைக்கோப்பை அசல் படத்தோடு இணைத்துவிடலாம். அசல் கடையிலேயே பத்திரமாக இருக்கும். இந்த வழியைப் பற்றிப் பேச்சு எடுத்ததும் புரிந்துகொள்கிறாரா என்பதே ஒரு நல்ல பரீட்சை.

இனி, பலரும் கவனிக்காத விஷயம். முடிந்த வீடியோ யாருக்குச் சொந்தம்? காசு கொடுத்தவருக்குத்தானே என்பார்கள். சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் இதை மாற்றிவிட்டது. வெளியாரிடம் காசு கொடுத்துச் செய்யச் சொன்ன படமாக இருந்தாலும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அதை உருவாக்கியவரே முதல் உரிமையாளர். சம்பள ஊழியர் செய்ததுதான் முதலாளிக்குப் போகும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலைமை வேறு. அங்கே வேலை கொடுத்தவருக்கே உரிமை போய்ச் சேருகிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டமும், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தில் அப்படித்தான் சொல்கிறது. கடைக்காரர் ஒரு நாட்டில், எடிட்டர் வேறொரு நாட்டில் இருந்தால் எந்தச் சட்டம் என்று வழக்காடிக்கொண்டா இருக்க முடியும்? உரிமை யாருக்கு, வேலைக்கோப்புகளைத் தருவாரா, எந்த நாட்டுச் சட்டம் என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது. வாடிக்கையாளர் முகங்கள் படத்தில் இருந்தால், 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வெளிநாட்டுக்குப் போகும் அந்தப் பதிவுக்கும் கடைக்காரரே பொறுப்பு. அதையும் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளலாம்.

பாட்டு விஷயத்திலும் கண்டிப்பு வேண்டும். எடிட்டர் நல்லெண்ணத்தோடுதான் ஒரு சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டிருப்பார். யூடியூபின் தானியங்கி முறை அதைக் கண்டுபிடித்துவிடும். பாட்டுக்கு உரியவர் நினைத்தால் வீடியோவையே முடக்கலாம். தீபாவளிச் சந்தை களைகட்டும் நேரத்தில் விளம்பரம் காணாமல் போனால் யாரிடம் போய்ச் சொல்வது?

யூடியூப் பக்கத்தின் கடவுச்சொல்லை எடிட்டரிடம் கொடுப்பது தேவையற்ற ஆபத்து. எடிட்டராக மட்டும் அவரைச் சேர்த்துக்கொள்ள யூடியூபிலேயே வழி இருக்கிறது. வேலை முடிந்தால் நீக்கிவிடலாம். எடிட்டர் ஏமாற்றிவிடுவாரோ என்று கவலைப்படுபவர்கள், அவருக்கும் அதே கவலை இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். “அடுத்த வாரம் அனுப்புகிறேன்” என்று இரண்டு மாதம் இழுத்தடித்தால், அந்த ஊரில் அவருடைய வாடகை காத்திருக்குமா? கடல் தாண்டி வந்து கடை வாசலில் நின்று கேட்க அவரால் முடியாது. தொடக்கத்தில் வீடியோவுக்கு வீடியோ பணம், பழகிய பிறகு மாதத்தில் ஒரு குறிப்பிட்ட தேதி என்று வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

தீபாவளி வியாபாரத்துக்காக ஆள் தேடுபவர்கள் ஆகஸ்டிலேயே மாதிரி வேலை கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. சென்னை எடிட்டருக்கும் அதே நாளில்தான் தீபாவளி. இங்கே கடை நிரம்பி வழியும் வாரத்தில் அவர் சொந்த ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவார். எத்தனை வீடியோவை முன்கூட்டியே முடித்துத் தருவார் என்று அவர் புறப்படும் முன்பே கேட்டு வைக்க வேண்டும்.