தொழுமிடமும் துப்பாக்கியும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்டு விட்டது. கபரஸ்தான் சுற்றுச்சுவர் பற்றிய விவாதமும் ஒருவாறு முடிந்தது. இப்போது நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ‘நம் ஊருக்கும் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு?’ என்று கேட்பீர்கள். தொடர்பு நம் பிள்ளைகள் வழியாக வந்திருக்கிறது.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் பணிபுரியும் நம் மஹல்லாவின் பிள்ளை ஒருவர், அங்குள்ள பள்ளிவாசல் கமிட்டியில் உறுப்பினராக இருக்கிறார். ஜும்ஆ நேரத்தில் உறுப்பினர்களில் சிலர் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு காவலிருக்கலாம் என்று அந்தக் கமிட்டியில் யோசனை வந்துள்ளது. அவரையும் பயிற்சிக்குச் செல்லுமாறு கேட்டிருக்கிறார்கள். அவருடைய தகப்பனார் நம்மிடம் வந்து, “என் மகன் தொழப் போவதா, காவலுக்குப் போவதா? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார். உடனே பதில் சொல்ல நமக்கு இயலவில்லை. படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

அவர்களுடைய அச்சம் காரணமற்றதன்று. 2017 ஜனவரி 29 அன்று கனடாவின் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் இரவுத் தொழுகை முடிந்த வேளையில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவரான அஸ்ஸத்தீன் சூஃபியான் என்னும் மளிகைக் கடைக்காரர், பிறர் தப்பட்டும் என்று கொலைகாரன் மீது பாய்ந்து உயிரைக் கொடுத்தார். 2019 மார்ச் 15 வெள்ளிக்கிழமை நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் ஷஹீதானார்கள். நம் நாட்டவரும் அவர்களுள் உண்டு. அந்தக் கொலைகாரனின் பெயரைத் தாம் சொல்லப் போவதில்லை என்று அந்நாட்டுப் பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் பாராளுமன்றத்தில் அறிவித்தார். நாமும் சொல்லப் போவதில்லை.

அல்நூர் பள்ளிவாசலில் நயீம் ரஷீத் என்பவர் வெறுங்கையுடன் அவனை நோக்கிப் பாய்ந்து வீழ்ந்தார். லின்வுட் பள்ளிவாசலில் அப்துல் அஸீஸ் என்பவர், கைக்கு அகப்பட்ட கார்டு தேய்க்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி அவன் மீது எறிந்தார். அவருடைய பிள்ளைகள் உள்ளே இருந்தனர். வண்டிகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓடி அவனைத் தம் பக்கம் இழுத்தார். அவன் போட்டுவிட்டுப் போன துப்பாக்கியை எடுத்து விசையை அழுத்திப் பார்த்தார், குண்டு இல்லை. அதையே ஈட்டிபோல் எறிந்து அவனது கார்க் கண்ணாடியை உடைத்தார். அவன் ஓடினான். இவ்விருவருக்கும் நியூசிலாந்தின் வீரத்துக்கான மிக உயர்ந்த குடியியல் விருது 2022இல் வழங்கப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயற்கை. அப்துல் அஸீஸ் கையில் குண்டு நிரம்பிய துப்பாக்கி இருந்திருந்தால்? கேட்பவரை நாம் குறை சொல்ல மாட்டோம். அதற்குச் சான்றாகக் காட்டக்கூடிய நிகழ்ச்சிகளும் அமெரிக்காவில் நடந்துள்ளன. 2019 டிசம்பர் 29 அன்று டெக்ஸாஸில் வைட் செட்டில்மென்ட் என்னும் ஊரின் தேவாலயத்தில் ஒருவன் துப்பாக்கியை எடுத்தான். ஜாக் வில்சன் என்ற 71 வயதுக்காரர் ஒரே குண்டில் அவனை வீழ்த்தினார். எல்லாம் ஏறக்குறைய ஆறு விநாடிகளில் முடிந்தது. 2022 ஜூலை 17 அன்று இந்தியானா மாநிலத்தின் கிரீன்வுட் வணிக வளாகத்தில் எலைஜா டிக்கன் என்ற 22 வயது இளைஞர், கொலைகாரன் சுடத் தொடங்கிய பதினைந்து விநாடிகளுக்குள் பத்துக் குண்டுகள் சுட்டு எட்டை இலக்கில் சேர்த்தார். எத்தனை உயிர்கள் தப்பின என்பதை அல்லாஹ்வே அறிவான்.

ஆனால் இந்நிகழ்ச்சிகளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வில்சன் சாதாரணத் தொண்டர் அல்லர். துப்பாக்கிப் பயிற்சிக்கூடம் நடத்தியவர். காவல்துறையில் துணைப் பணியாற்றியவர். அதே தேவாலயத்தின் காவல் குழுவைச் சேர்ந்த இன்னொருவர் துப்பாக்கியை உருவிக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டு இறந்தார். அந்த ஆறு விநாடிகளில் இரண்டு உயிர்கள் போய்விட்டன. கிரீன்வுட்டிலும் மூவர் இறந்த பின்னரே கொலைகாரன் வீழ்ந்தான்.

பயிற்சி என்று சொல்லுகிறார்களே, அது எவ்வளவு? டெக்ஸாஸில் உரிமத்திற்கான வகுப்பு நான்கு முதல் ஆறு மணி நேரம். அதன்பின் காகித இலக்கில் ஐம்பது குண்டுகள் சுட்டுக் காட்ட வேண்டும். 2021 முதல் அந்த உரிமம்கூட இல்லாமல் பெரும்பாலோர் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. (நம் ஊரில் இருசக்கர வண்டி உரிமத்திற்கு எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது என்பதை இங்கே நினைத்துக்கொண்டோம்.) காகிதம் திருப்பிச் சுடாது. நியூயார்க் காவல்துறையின் 1998 முதல் 2006 வரையிலான பதிவுகளை ஆராய்ந்த ரான்ட் நிறுவனம், எதிரியும் சுடும் மோதல்களில் காவலர்களின் குண்டுகளில் 18 விழுக்காடே இலக்கை அடைந்தன என்று கண்டது. சம்பளம் வாங்கும் காவலர்களின் நிலை இது. மீதிக் குண்டுகள் எங்கே போயின? 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன் ஒரு கொலைகாரனை இரு காவலர்கள் சுட்டபோது, வழியில் நின்ற ஒன்பது பேர் காயமுற்றனர். ஒன்பது பேரும் காவலர்களின் குண்டுகளாலும் அவற்றின் சிதறல்களாலுமே காயமுற்றவர்கள். தோளோடு தோள் சேர்த்து நிற்கும் நம் தொழுகை வரிசைகளை இப்போது மனக்கண்ணில் கொண்டு வாருங்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அதுவே நம் பிள்ளைகளின் விஷயத்தில் நம்மை அதிகம் கலங்க வைக்கிறது. 2021 ஜூன் 21 அன்று கொலராடோவின் அர்வாடா நகரில் ஜானி ஹர்லி என்பவர், காவலர் ஒருவரைக் கொன்றவனைத் தம் கைத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். பின்னர் அவனது துப்பாக்கியைக் கையில் எடுத்தார். அந்த நேரம் வந்த காவலர், இவரே கொலைகாரன் என எண்ணிச் சுட்டுவிட்டார். உயிர் காத்தவர் உயிரிழந்தார். 2018 நவம்பரில் அலபாமாவின் ஹூவர் வணிக வளாகத்தில், கறுப்பின இளைஞர் ஒருவர் சட்டப்படி வைத்திருந்த துப்பாக்கியோடு காணப்பட்டபோது அவரும் இவ்வாறே காவலரால் கொல்லப்பட்டார். தாடியும் தொப்பியும் அணிந்த ஒருவர் கையில் துப்பாக்கியோடு பள்ளிவாசல் வாசலில் நின்றால், விரைந்து வரும் காவலர் அவரை யாரென்று கொள்வார்?

எண்ணிக்கையும் பார்ப்போம். அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., 2000 முதல் 2013 வரை பொது இடங்களில் நடந்த 160 துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்தது. அவற்றுள் காவலர் அல்லாத ஆயுதமேந்தியோர் எதிர்த்துச் சுட்டு முடிந்தவை 5. ஆயுதமில்லாத சாதாரண மக்கள் பிடித்து அமுக்கி முடித்தவை 21. இந்தக் கணக்கில் ஆயுதமேந்திய குடிமக்கள் தடுத்த நிகழ்ச்சிகள் பல விடுபட்டுள்ளன என்று ஜான் லாட் போன்ற ஆய்வாளர்கள் வாதிடுகின்றனர். அதையும் சொல்லிவிடுவது நேர்மை. இருப்பினும் வெறுங்கையர்களின் கணக்கு நமக்கு வியப்பூட்டியது. 2019 ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள் நார்வேயின் பேரும் நகரப் பள்ளிவாசலில் துப்பாக்கியோடு நுழைந்தவனை, பாகிஸ்தான் விமானப்படையில் ஓய்வுபெற்ற 65 வயது முஹம்மது ரஃபீக் கீழே தள்ளிப் பிடித்தார். பள்ளிக்குள் உயிர்ச்சேதம் இல்லை. 2025 டிசம்பர் 14 அன்று சிட்னியின் போண்டாய் கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா விழாவில் 15 பேரைக் கொன்ற இருவரில் ஒருவனைப் பின்னாலிருந்து பாய்ந்து பிடித்துத் துப்பாக்கியைப் பறித்தவர் அஹ்மத் அல் அஹ்மத் என்ற கடைக்காரர். பறித்த துப்பாக்கியால் அவர் சுடவில்லை. மரத்தில் சாய்த்து வைத்தார். அவரும் குண்டுக் காயம் அடைந்தார்.

ஜமாஅத் பெருமக்களே! நமக்கு அருகிலேயே இவ்விஷயத்தில் ஒரு வரலாறு உண்டு. 1990 ஆகஸ்ட் 3 இரவு, இலங்கையின் காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். சிறுவர்களும் அதில் அடக்கம். அக்காலத்தில் கிழக்கு மாகாண முஸ்லிம் ஊர்களில் இளைஞர்களுக்கு அரசே துப்பாக்கி கொடுத்து ஊர்காவல் படை அமைத்தது. ஊரைக் காக்க வேறு வழி தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் 1992 ஏப்ரலில் பொலன்னறுவை மாவட்டத்தின் அழிஞ்சிப்பொத்தானையில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டபோது, அதற்குப் பழியாக முத்துக்கல், கரப்பொல என்னும் தமிழ்க் கிராமங்களில் பெண்களும் பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கும் பங்கு இருந்தது. இதைச் சொல்ல நாவு கூசுகிறது. சொல்லாமல் விட்டால் நாம் பேசிய மற்றவையும் அரைகுறை ஆகிவிடும்.

அந்தத் தகப்பனார் கேட்டபடி மகனுக்கு எழுதினோம். கைத்துப்பாக்கிப் பொறுப்பை உறுப்பினர்கள் ஏற்க வேண்டாம். கமிட்டியிடம் பணம் இருந்தால் வெள்ளிக்கிழமைகளில் சீருடையணிந்த காவலரை அமர்த்திக்கொள்ளுங்கள் என்றோம். 2022 ஜனவரியில் அதே டெக்ஸாஸின் காலிவில் யூத ஆலயத்தில் பதினொரு மணி நேரம் பிணையாக இருந்த ரப்பி, துப்பாக்கிக்காரன் மீது நாற்காலியை எறிந்துவிட்டு மற்றவர்களோடு தப்பினார். முன்பு பெற்ற பாதுகாப்புப் பயிற்சியே உதவியது என்று அவர் சொன்னார். அத்தகைய பயிற்சியை அனைவரும் பெறுங்கள் என்றோம். இரத்தப்போக்கை நிறுத்தும் கட்டுப் போடவும் பழகச் சொன்னோம். கதவுகளைப் பார்க்கச் சொன்னோம். லின்வுட்டில் கொலைகாரன் தலைவாசலைக் கண்டுபிடிக்கத் தடுமாறியதில் சிலர் தப்பினர். அல்நூரில் தொழுகைக்கூடத்தின் அவசரக் கதவு அன்று திறக்காமல் போயிற்றா என்பதை 2023இல் தொடங்கிய மரண விசாரணை தனியாக ஆராய வேண்டியிருந்தது.

நம் கடிதம் கமிட்டியில் வாசிக்கப்பட்டதாம். துப்பாக்கிப் பிரேரணை இன்னும் முடிவாகவில்லை. இரு பக்கமும் பேசுகிறார்கள். பெண்கள் பகுதியின் பின்கதவுக்கு உட்புறமிருந்து தள்ளினாலே திறக்கும் பூட்டு மட்டும் போட்டுவிட்டார்களாம். அதைக் கேட்டபின் நாமும் நம் பள்ளியின் வடக்கு வாசலைப் போய்ப் பார்த்தோம். பழைய பாய்களும் ஜனாஸாப் பெட்டியும் அதை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. வருகிற ஞாயிறு சுபுஹுக்குப் பிறகு இளைஞர்கள் வந்தால் அதை ஒழித்துவிடலாம்.