த்வாண்டே ஜாடியும் சமூசா பாக்கெட்டும்



இன்றைக்கு நான் பேச வந்திருக்கும் விஷயத்தைச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஒரு சமோசா பாக்கெட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சமோசாவைப் பற்றிக்கூட அல்ல, அதைச் சுற்றியிருக்கும் உறையைப் பற்றி. "இதில் பேச என்னம்மா இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உணவுத் தொழில்நுட்பம் படித்தவள் நான். 2022இல் இறுதியாண்டில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு புதிய உறைபனிப் பலகாரம் தயாரிக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது எடுத்துப் பொரித்துச் சாப்பிடுகிற மாதிரிப் பலகாரம். அதற்கான பாக்கெட்டையும் நாங்களே வடிவமைக்க வேண்டும். என்ன செய்யலாம் என்று மூன்று நாள் யோசித்தோம். கடைசியில் நான்தான் சொன்னேன், "எங்க ஆயா செய்யிற பர்மா சமூசா செய்வோம்."

எங்கள் ஆயா பிறந்த ஊர் த்வாண்டே. ரங்கூனிலிருந்து ஆற்றைக் கடந்து டலா கரையில் இறங்கி, அங்கிருந்து உள்ளே போக வேண்டும். ரங்கூன் ஆற்றை ஐராவதியோடு இணைக்கும் த்வாண்டே கால்வாய் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளம், பிரிட்டிஷார் காலத்தில் வெட்டியது. டெல்டாவின் நெல்லும் அரிசியும் அந்த வழியாகப் படகில் வரும். கால்வாய்க் கரையில் ஆயாவின் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு பலகாரக் கடை. படகுக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும்தான் வாடிக்கையாளர்கள்.

1964ஆம் ஆண்டு நடந்தது நம்மில் பல வீடுகளுக்குத் தெரிந்த கதை. மார்ச் மாதம் நே வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. கையிலிருந்த கடையும் போயிற்று, பெட்டியிலிருந்த பணமும் போயிற்று. அந்த ஆண்டுகளில் பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்பார்கள். கப்பலேறிச் சென்னையில் வந்து இறங்கியவர்களில் 14 வயதுப் பெண்ணாக எங்கள் ஆயாவும் ஒருத்தி. வியாசர்பாடிப் பக்கம் குடிசை போட்டார்கள். பிறகு கடற்கரைப் பக்கம் தள்ளுவண்டியில் அத்தோவும் பேஜோவும் விற்றார்கள்.

அவர்கள் கொண்டு வந்ததில் இன்றைக்கும் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பொருள்தான். பழுப்பு மெருகு பூசிய ஒரு மண் ஜாடி. காய்ந்த இறாலை இடித்து, பூண்டும் மிளகாயும் சேர்த்து எண்ணெயில் வறுத்த தொக்கை அதில் அடைத்து, வாயைத் துணியால் கட்டி, மேலே மாவுப்பசை பூசிக் கொண்டு வந்தாராம் ஆயாவின் அம்மா. நகையைத் துருவித் துருவித் தேடியவர்கள் அந்த ஜாடியை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்களாம். கப்பலில் நாலு நாளும் சோற்றுக்கு அதுதான் துணை.

த்வாண்டே என்றாலே மண்பாண்டம்தான். 2019 டிசம்பரில் அப்பாவோடு நான் அங்கே போயிருந்தேன். பெரிய கூரைக் கொட்டகைகள். ஒருவர் சக்கரத்தைச் சுழற்ற, இன்னொருவர் மண்ணை எழுப்புகிறார். நீள நீளமாக விறகு அடுக்கிய சூளைகள். அந்த வட்டாரத்தில் நூற்றாண்டுகள் பழமையான சூளைகளின் எச்சங்களைத் தொல்லியலார் கண்டிருக்கிறார்கள். பச்சை மெருகிட்ட பாத்திரங்கள் அங்கே சுடப்பட்டுக் கடல் கடந்து போயிருக்கின்றன. கீழ்ப் பர்மாவின் இன்னொரு துறைமுகமான மர்த்தபானின் பெயரே ஜாடிக்குப் பெயராகிவிட்டது. வடநாட்டில் இன்றும் ஊறுகாய் ஜாடியை மர்த்தபான் என்பார்கள். 14ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா, கடற்பயணத்துக்காக உப்பிட்ட இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் நிரப்பிய மர்த்தபான் ஜாடிகள் தனக்குப் பரிசாகக் கிடைத்ததைக் குறித்து வைத்திருக்கிறார். ஆக, உணவைக் கெடாமல் கட்டிக் கடல் தாண்டி அனுப்புவது நம் ஆட்களுக்கும் பர்மாக்காரர்களுக்கும் புதிய வித்தை இல்லை.

சரி, பாக்கெட்டுக்கு வருவோம்.

எங்கள் முதல் வடிவம் இப்படி இருந்தது. தங்க நிறப் பெட்டி. ஒரு பக்கம் ஷ்வேடகோன் கோபுரம். இன்னொரு பக்கம் ஒரு கப்பல், அதன் முன்னால் எங்கள் ஆயாவின் புகைப்படம். மேலே பெரிய எழுத்தில் "அகதிப் பாட்டியின் சமூசா." குழுவில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. "கதை இருந்தால்தான் பொருள் விற்கும்" என்று வகுப்பிலும் பாராட்டினார்கள். பெருமையோடு அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டு போய்க் காட்டினேன்.

ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இதைப் பிரிச்சதும் என்ன பண்ணுவாங்க, பாப்பா?"

"குப்பையில போட்டுடுவாங்க, ஆயா."

"அப்ப கோயிலையும் கிழிச்சுக் குப்பையில போடணும், என்னையும் கிழிச்சுக் குப்பையில போடணும். அப்படித்தானே?"

எனக்குப் பதில் வரவில்லை. அவரே தொடர்ந்தார். "பசிக்கு வாங்குறவங்ககிட்ட நம்ம அழுகையை எதுக்கு விக்கிறே? உங்க கொள்ளுத்தாத்தா கடையில சமூசா நல்லா இருந்துச்சுன்னு வாங்குனாங்க. பாவம்னு யாரும் வாங்கலை."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபுரத்தைப் பற்றி ஆயா சொன்னது வெறும் வயதானவரின் பக்தி என்று தள்ளிவிடவும் முடியாது. 2014 டிசம்பரில் ரங்கூனில் ஒரு மதுக்கூட விளம்பரத்தில் புத்தர் படத்துக்குக் காதில் இசைக்கருவி மாட்டி வெளியிட்டார்கள். அதற்காக 2015இல் ஒரு வெளிநாட்டவருக்கும் இரண்டு மியன்மார்க்காரர்களுக்கும் இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்தத் தண்டனை சரியா என்பது வேறு பேச்சு. ஆனால் ஒருவர் கும்பிடும் பொருளை எடுத்து விளம்பரத்தில் ஒட்டும்போது, கேட்க வேண்டியவர்களைக் கேட்டோமா என்ற கேள்வி இருக்கிறது. நாங்கள் கோபுரத்துக்கு உரியவர்களையும் கேட்கவில்லை, படத்தில் இருந்த ஆயாவையும் கேட்கவில்லை.

பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் பாக்கெட் தன் வேலையைச் செய்கிறதா என்று பார்ப்போம் என்று முடிவு செய்தோம். அங்கேதான் உண்மையான படிப்பு ஆரம்பித்தது.

உறைபனி உணவை மைனஸ் 18 டிகிரியில் வைக்க வேண்டும். ஃப்ரீசருக்குள் காற்று மிகவும் வறண்டது. உறைக்குள் காற்று தங்கினாலோ, உறை ஈரத்தைக் கசியவிட்டாலோ, பலகாரத்தில் இருக்கும் பனி தண்ணீராகாமலே ஆவியாகி வெளியேறிவிடும். மேல்தோல் வெளுத்து, காய்ந்து, சக்கை மாதிரி ஆகிவிடும். எங்கள் முதல் சமூசாக்கள் அப்படித்தான் ஆயின. முதலில் எடுத்த மலிவான உறை குளிரில் விறைத்து, மடித்த இடத்தில் விரிசல் விட்டது. சமூசாவின் மூன்று முனைகளும் உறையைக் குத்தின. அட்டைப்பெட்டி ஃப்ரீசரை விட்டு வெளியே வந்ததும் வியர்த்து ஊறிப் போனது. ஒட்டிய லேபிள் கழன்று விழுந்தது. உள்ளே தெரியட்டும் என்று வைத்த கண்ணாடி ஜன்னலில் பனி படிந்து ஒன்றும் தெரியவில்லை.

இதைப் பற்றிப் படிக்கும்போதுதான் தெரிந்தது, உறைபனி உணவின் வரலாறே பாதி பாக்கெட்டின் வரலாறு என்று. கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் கனடாவின் லாப்ரடோர் பகுதியில் இருந்தபோது, அங்குள்ள மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியில் உறைந்துபோவதைப் பார்த்தார். வேகமாக உறைந்தால் பனித்துகள் சிறிதாக இருக்கும், உணவின் பதம் கெடாது. அவர் உணவைப் பெட்டியில் அடைத்த பிறகு, குளிர்ந்த உலோகத் தகடுகளுக்கு இடையே அழுத்தி உறையவைத்தார். 1930இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்ப்ரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் அது விற்பனைக்கு வந்தது.

நாங்கள் தடித்த பாலிஎத்திலீன் உறைக்கு மாறினோம். சமூசாக்களைக் குழி வைத்த தட்டில் அடுக்கினோம். காற்றை வெளியேற்றி ஓரத்தைச் சூட்டில் ஒட்டினோம். லேபிளை ஒட்டாமல் உறையிலேயே அச்சடித்தோம். ஜாடிக்குத் துணியும் மாவுப்பசையும் செய்த வேலையைத்தான் நாங்கள் இயந்திரத்தில் செய்தோம். காற்று உள்ளே போகக்கூடாது, ஈரம் வெளியே வரக்கூடாது.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேயர்களே, இனி சொல்லப்போவது எங்கள் தவறு. மறைக்காமல் சொல்கிறேன்.

முதல் இரண்டு முறை உருளைக்கிழங்கும் வெங்காயமும் மட்டும் வைத்துச் செய்தோம். அதற்கேற்ப உறையில் சைவத்துக்கான பச்சைப் புள்ளியை அச்சடித்துவிட்டோம். மூன்றாம் முறை சுவை போதவில்லை என்று ஆயாவைக் கேட்டேன். அவர் வீட்டு வழக்கப்படி பூரணத்தில் இறால் பொடி தூவச் சொன்னார். சுவை பிரமாதமாக வந்தது. உறையை மாற்ற வேண்டும் என்பது நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டோம்.

ருசி பார்க்க அழைத்திருந்தவர்களில் குழுத் தோழி ஒருத்தியின் தம்பியும் இருந்தான். பத்து வயது. அவனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. கவனமான பையன், பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தான். ஐந்து நிமிடத்தில் உதடு வீங்கி, தொண்டை அரித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டார்கள். மறுநாள் வரை வைத்திருந்து, நன்றாக இருக்கிறான் என்று பார்த்துவிட்டு அனுப்பினார்கள். கடவுள் புண்ணியத்தில் பிழைத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "கடையில எங்கப்பா ரெண்டு தட்டு வெச்சிருப்பாரு. இறால் போட்டது ஒண்ணு, போடாதது ஒண்ணு. கேக்குறவங்களுக்கு வாயால சொல்லுவாரு. நீ பாக்கெட்டுல அடைச்சுட்டா யாரு சொல்லுவா? அந்தப் பாக்கெட்டுதான் சொல்லணும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் கடைசி வடிவத்துக்கு அடிப்படை. முன்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு ஜாடி, "சமூசா" என்ற பெயர். கோபுரம் இல்லை, கப்பல் இல்லை, கண்ணீர் இல்லை. அசைவத்துக்கான பழுப்பு முக்கோணக் குறி. அதன் பக்கத்திலேயே, பெயருக்கு அடுத்த பெரிய எழுத்தில், "இறால் உள்ளது. கோதுமை உள்ளது." பின்பக்கம் ஆயா சொல்லச் சொல்ல எழுதிய குறிப்பு: "த்வாண்டேயில் எங்கள் கடையில் செய்தது. உருகவிடாமல் அப்படியே எண்ணெயில் போடவும். பொரித்ததைத் துண்டாக்கி, வெங்காயம், முட்டைகோஸ், புதினா, புளித்தண்ணீர் சேர்த்துப் பிசைந்தும் சாப்பிடலாம்." "எங்கள் கடையில்" என்ற சொற்களை மட்டும் ஆயா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

எங்களுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. உறை கவர்ச்சியாக இல்லை என்றார்கள். அந்தச் சமூசா கடைக்கும் வரவில்லை. பையன் இப்போது நன்றாக இருக்கிறான், பள்ளிக்கூடத்தில் கால்பந்து ஆடுகிறான். என் தோழி மட்டும் ரொம்ப நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அது நியாயம்தான்.

இதை நான் இங்கே சொல்லக் காரணம் உண்டு. நம் குடும்பங்களில் பலர் வீட்டுப் பலகாரத்தைப் பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்திருக்கிறீர்கள். பர்மாவிலிருந்து வந்தவர்களும், இலங்கையிலிருந்து வந்தவர்களும். நல்ல காரியம். ஆனால் மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பக்குவத்தை மாற்றினால், ஒரு சிட்டிகைப் பொடியானாலும், அன்றைக்கே உறையையும் மாற்ற வேண்டும். இறால், மீன், முட்டை, பால், கோதுமை, வேர்க்கடலை, முந்திரி, சோயா இவற்றில் எது இருந்தாலும் தெளிவாக எழுத வேண்டும். நான்காவதாக ஒன்று, இது சட்டம் கேட்பதல்ல. வீட்டுப் பெரியவர்களின் படத்தையும் கதையையும் உறையில் போடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஜாடி இன்றும் எங்கள் அடுப்படியில்தான் இருக்கிறது. ஆயா அதில் புளி போட்டு வைத்திருக்கிறார்.