இடம் மாறிய ஈரல்

ஈரல் வலப்புறத்தே அமைந்திருப்பது இயல்பு. ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கோ, கண்ணாடியிற் காணும் பிம்பம்போல, இருதயம் வலப்புறத்திலும் ஈரல் இடப்புறத்திலும் அமைந்துவிடுகின்றன. லண்டன் வைத்தியர் மத்தேயு பெய்லி 1788 இல் இதனை விவரித்தார். இவ்வமைப்பு நோயன்று. ஆயின், அவ்வீரலிற் புற்றுநோய் தோன்றின், சத்திரவைத்தியரின் பழகிய கையே அவருக்கு இடையூறாகலாம். வயிற்றிற் சிறு துவாரங்களிட்டு, உட்செலுத்திய கமெரா காட்டுவதைத் திரையிற் பார்த்துக் கருவிகளை இயக்கும் சிகிச்சையில் இவ்விடர் பெரிது. குருதிக்குழாய்களும் பித்தக்குழாய்களும் வழக்கத்துக்கு மாறாகக் கிளைத்திருத்தலும் உண்டு. ஒன்றைத் தவறி வெட்டினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, சீ.ரீ. படங்களின் துணைகொண்டு ஒவ்வொரு கிளையையும் முன்னரே ஆராய்ந்தறிந்து, தாம் நிற்கும் இடத்தையும் துவாரங்களின் இடங்களையும் எதிர்ப்புறமாக மாற்றியமைத்துக்கொள்கின்றனர். கைப்பழக்கத்தை நம்பி விரையாது, ஒவ்வொரு படியிலும் நின்று நோக்கும் நிதானமே அங்கு நோயாளியைக் காக்கின்றது.